ஸ்கேனில் தெரியாத வலி

வயிற்றுவலி என்று வருகிறவரைப் படுக்க வைத்து, மருத்துவர் முதலில் செய்வது வயிற்றை அழுத்திப் பார்ப்பதுதான். குடல்வால் வீங்கியிருந்தாலோ குடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ வயிறு பலகைபோல இறுகிக் கிடக்கும். அழுத்திய கையைச் சட்டென்று எடுத்தால் நோயாளி அலறுவார். என் வயிறு எவ்வளவு மோசமான வலியிலும் இறுகியதே இல்லை. காய்ச்சல் இருக்காது, இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருக்காது, ஸ்கேனில் கல்லோ கட்டியோ அடைப்போ தெரியாது. ஆனால் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருப்பேன். தொட்டுப் பார்த்த வயிற்றுக்கும் எதிரே துடிக்கும் நோயாளிக்கும் பொருத்தமில்லை என்று கண்டபோது, பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் கையை நம்பினார்கள், என்னை நம்பவில்லை.

அந்தப் பொருத்தமின்மையே ஒரு நோயின் அடையாளம் என்று எனக்குத் தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. அந்த நோயின் பெயர் அக்யூட் இன்டர்மிட்டென்ட் போர்ஃபிரியா. எம்.பி.பி.எஸ். படிக்கிற ஒவ்வொருவரும் உயிர்வேதியியல் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பார்கள். படித்த நோய் எதிரே படுத்திருக்கும்போது ஏன் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என்மேல் வைக்கப்பட்ட சந்தேகம் என் மனத்தைப் புண்படுத்தியது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தச் சந்தேகம் ஒவ்வொரு முறையும் ஒரு மருந்தாக மாறி என் உடலுக்குள் போனது. அந்த மருந்துகளில் சில என்னைச் சாவின் பக்கம் கொண்டுபோயின.

நோயைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் உடல் ஹீம் என்ற பொருளை எட்டுப் படிகளில் தயாரிக்கிறது. இரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் இருப்பது இந்த ஹீம்தான். அதில் பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையில் உருவானாலும், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளுக்கு ஹீம் வேண்டியிருப்பதால், ஈரலும் தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. எட்டுப் படிகளில் மூன்றாவதைச் செய்யும் நொதி என் போன்றவர்களுக்குப் பாதியளவே இருக்கிறது. சாதாரண நாட்களில் அந்தப் பாதியே போதும். ஆனால் பட்டினியோ, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் ஹார்மோன் மாற்றமோ, சில மருந்துகளோ ஈரலை முடுக்கிவிட்டால், முதல் படி வேகமெடுக்கிறது. மூன்றாவது படியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இடையில் உருவாகும் அமினோலெவுலினிக் அமிலமும் போர்போபிலினோஜனும் குவிந்து, நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. நான் வயிற்றுவலி என்று சொன்னது வீங்கிய குடலின் வலி அல்ல, குடலுக்குப் போகும் நரம்புகளின் வலி. வயிறு மென்மையாக இருந்ததும், நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியதும், நாட்கணக்கில் மலம் இறங்காமல் இருந்ததும், இரத்த அழுத்தம் ஏறியதும் எல்லாம் அந்த ஒரே காரணத்தால்தான்.

எனக்கு முதல் தாக்குதல் ஒரு கந்த சஷ்டி விரதத்தின்போது வந்தது. திருமணமான புதிது. பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு விரதத்தைக் கடைசிவரை இருந்துவிட வேண்டும் என்ற உறுதி. சூரசம்ஹாரத்துக்கு முன்பே வாந்தியும் வலியும் தொடங்கி, பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். வெறும் வயிற்றில் இருந்ததால் வந்த வாயுத் தொல்லை என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பாட்டிலுக்கு மேல் பாட்டில் ஏற, மறுநாள் வலி மெல்ல வடிந்தது. அதன்பின் வந்த தாக்குதல்களிலும் இதுவே நடந்தது: சில இடங்களில் ட்ரிப்ஸ் ஏற்றியதும் குறைந்தது, சில இடங்களில் குறையவில்லை. ஒரு மருத்துவர் என் கணவரைத் தனியே அழைத்து, "வெறும் குளுக்கோஸ் ஏத்தினதுக்கே சரியாயிடுச்சு பாருங்க சார். இது உடம்புல இருக்கிற பிரச்சினை இல்ல" என்றார். கேஸ் ஷீட்டிலும் அதே பொருளில் ஒரு வரி எழுதினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. குளுக்கோஸ் இந்த நோய்க்கு வெறும் ஆறுதல் மருந்து அல்ல. அதுதான் முதல் சிகிச்சை. மாவுச்சத்து கிடைத்ததும் ஈரலில் அந்த முதல் படி தணிகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிராம் குளுக்கோஸாவது உடலுக்குள் போக வேண்டும் என்பது இந்த நோயைத் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் அளவு. நம் வார்டுகளில் தொங்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸுக்கு இன்னொரு பெயர்) அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம்தான். எங்கே அதிகம் ஏற்றினார்களோ அங்கே எனக்குக் குறைந்தது. ஒரு பாட்டிலோடு நிறுத்திய இடத்திலும் வெறும் சலைன் ஏற்றிய இடத்திலும் குறையவில்லை. ஒரே நோயாளி சில நாள் குணமாகிறாள், சில நாள் ஆகவில்லை என்ற அந்த முரண்பாட்டை நடிப்பின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாமல், எத்தனை கிராம் போயிற்று என்று ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால், நோயின் பெயர் அங்கேயே வந்து நின்றிருக்கும். நான் குணமானதே எனக்கு நோயில்லை என்பதற்குச் சாட்சியாக்கப்பட்டதை இன்றும் என்னால் எளிதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குடல்வாலை எடுத்தார்கள். எடுத்த குடல்வாலில் எந்தக் கோளாறும் இல்லை என்று நோயியல் அறிக்கை வந்தது. மாதவிடாயை ஒட்டி வலி வருகிறது என்று நானே சொன்னதை வைத்து, மகப்பேறு மருத்துவர் எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உட்படலத் திசு வெளியே வளரும் நோய்) இருக்கலாம் என்று கருதி லாப்ராஸ்கோப்பி செய்தார்; உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பார்ப்போம் என்று புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகளை எழுதினார். போர்ஃபிரியா நோயாளிக்கு ஆகாத மருந்துகளில் அந்த வகையும் ஒன்று. அதுவரை விட்டுவிட்டு வந்த வலி அதன்பிறகு விடாமல் வந்தது. மாத்திரை சாப்பிட்டதிலிருந்து கூடிவிட்டது என்று நான் போய்ச் சொன்னபோது கிடைத்த பதில், "இந்த மாத்திரைக்கு அப்படியெல்லாம் செய்யாதும்மா, நீங்க நெட்ல படிச்சிட்டு வர்றீங்க" என்பது. நான் அதுவரை எதையும் படித்திருக்கவில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் நடந்தது இதைவிடக் கடுமையானது. இரவு நேரத்தில் வலியோடு போய் நிற்கும் பெண், முன்பு எந்த ஊசியில் குறைந்தது என்று பெயர் சொல்லிக் கேட்டால், அவளை ஊசிக்கு அடிமையானவள் என்று நினைப்பது சுலபமாக இருந்தது. இந்த வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்துகள் தேவைப்படும் என்பதும், அவை போர்ஃபிரியாவில் பாதுகாப்பானவை என்பதும் பிறகு நான் அறிந்தவை. அன்று எனக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர் ஊசி. போட்ட இளம் மருத்துவர், நான் என்ன செய்கிறேன் என்று திரைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா அவரிடம், "என் பொண்ணு சின்ன வயசுல கை ஒடிஞ்சப்பவே அழாத பொண்ணு தம்பி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை.

கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நான் பயந்துகொண்டே போனேன். ஆனால் அத்தனை ஆண்டுகளில் என்னை முழுதாகக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான். எப்போது தொடங்குகிறது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், மலம் போகிறதா, கைகால் மரத்துப்போகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று வரிசையாகக் கேட்டு, எல்லாவற்றையும் கையால் எழுதிக்கொண்டார். பதற்றமும் தூக்கமின்மையும் வலியோடு சேர்ந்து வந்து, வலியோடு சேர்ந்தே போகின்றன என்பதைக் கவனித்து, இது தன் துறைக்குரிய நோயாகத் தோன்றவில்லை, உடல் காரணத்தை மீண்டும் தேடுங்கள் என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் படித்த பொது மருத்துவர் அதை மடித்துக் கோப்பின் கடைசியில் வைத்தார். மனநல மருத்துவரிடம் போய்வந்தேன் என்பது மட்டும் அதன்பிறகு ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் முதல் வரியாக வந்தது. அவர் சொன்னது என்ன என்பது எதிலும் வரவில்லை.

போர்ஃபிரியா என்ற சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் ஓர் இரைப்பை, குடல் நிபுணர் அதை நினைத்துப் பார்த்தார். அதற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவர் எழுதியது சிவப்பணுக்களில் உள்ள போர்ஃபிரினை அளக்கும் இரத்தப் பரிசோதனை. என் வகை நோயில் அது இயல்பாகவே இருக்கும். எழுத வேண்டியது சிறுநீரில் போர்போபிலினோஜன். அதுவும் வலி இருக்கும்போது பிடித்த சிறுநீரில். பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் குழப்பம் உலகெங்கும் நடக்கிறது. என் அறிக்கை இயல்பு என்று வந்தது, கோப்பில் போர்ஃபிரியா இல்லை என்று எழுதப்பட்டது, அந்த ஒரு வரி அதற்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும் கதவை அடைத்துவிட்டது. எந்தப் பரிசோதனையை வைத்து இல்லை என்றார்கள் என்று யாரும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பிறகு வந்த தாக்குதலில் எனக்கு வலிப்பு வந்தது. இரத்தத்தில் சோடியம் 112-க்கு இறங்கியிருந்தது. குறைந்தது 135 இருக்க வேண்டும். சோடியம் இப்படிச் சரிவது இந்த நோயின் கடுமையான தாக்குதல்களில் அடிக்கடி காணப்படுவது. வாந்தி எடுத்ததால் இறங்கிவிட்டது என்று விளக்கம் சொல்லி, வலிப்புக்குப் பினைட்டாயின் கொடுத்தார்கள். வலிப்பு என்றால் பினைட்டாயின் என்பது நம் மருத்துவமனைகளின் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் போர்ஃபிரியாவில் அது நெருப்பில் ஊற்றும் எண்ணெய். அடுத்த சில நாட்களில் தோள்களிலிருந்து பலம் இறங்கத் தொடங்கியது. தலைமுடியை முடிந்துகொள்ளக் கை மேலே போகவில்லை. பிறகு தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இதுவும் பயத்தால் வருவது என்று வார்டு சுற்றில் ஒருவர் சொன்னார். என் கை தூக்காமல் கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

திருப்பம் வந்தது ஒரு செவிலியரால். சிறுநீர்ப் பை என் கட்டிலின் ஜன்னல் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் பையை மாற்றியபோது மஞ்சளாக இருந்த சிறுநீர், பிற்பகல் வெயில் பட்டபிறகு கெட்டித் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது; குழாயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது மட்டும் மஞ்சளாகவே இருந்தது. மேலே மஞ்சள், கீழே செம்பழுப்பு. அவர் அதைப் பார்த்து, "அக்கா, இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?" என்று கேட்டார். வீட்டில் கழிவறையில் உடனே தண்ணீர் ஊற்றிவிடுகிற யாருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. அவர் அதோடு விடாமல், பையைக் கழற்றி வீசாமல் வைத்திருந்து, மாலை வந்த நரம்பியல் மருத்துவரிடம் காட்டினார். அவர் பையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். சோடியம் அறிக்கையைக் கேட்டார், கைகளின் பலத்தைச் சோதித்தார், பினைட்டாயினை அப்போதே நிறுத்தினார். புதிதாகப் பிடித்த சிறுநீரைக் கருப்புக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் வைத்து, போர்போபிலினோஜன் என்று எழுத்துக் கூட்டி எழுதி வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெளிச்சம் பட்டால் அந்தப் பொருள் வேறொன்றாக மாறிவிடும். பை நிறம் மாறியதும் அதனால்தான். அறிக்கை வருமுன்பே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸும், சோடியத்துக்குத் தக்கபடி உப்புக் கரைசலும் தொடங்கிவிட்டார்.

ஒரு நாளைக்கு 4 மில்லிகிராமுக்குள் வெளியேற வேண்டிய போர்போபிலினோஜன் தாக்குதலின்போது 50 முதல் 200 மில்லிகிராம் வரை போகும். சந்தேகத்துக்கு இடமில்லாத அளவில் ஏறுகிற பொருள் அது. எனக்கும் அப்படித்தான் ஏறியிருந்தது.

இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. சுவீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம் 1937-இல் தன் ஆய்வேட்டில் வடக்கு சுவீடனின் குடும்பங்களில் இது தலைமுறையாக வருவதை விரிவாக விவரித்துவிட்டார். வாட்சன், ஷ்வார்ட்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1941-இல் சிறுநீரில் எர்லிக் கரைசலைச் சேர்த்து, சிவப்பு நிறம் வருகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை வெளியிட்டார்கள். துல்லியமான அளவுக்கு அது மாற்றாகாது என்றாலும், நோயைச் சந்தேகித்துச் சிகிச்சையைத் தொடங்க அது போதும். எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் பிறப்பதற்கு முன்பே கையில் இருந்த சோதனை. எனக்கு அவை எல்லாம் எடுக்கப்பட்டு, இது மட்டும் எடுக்கப்படவில்லை.

அரிதான நோய் என்பதால் நினைவுக்கு வரவில்லை என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் அறிகுறியோடு வாழ்பவர்கள் பத்து லட்சத்துக்கு ஐந்தாறு பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள் அதைவிட மிக அதிகம், அவர்களில் நூற்றில் ஒருவருக்கே நோய் வெளிப்படுகிறது. ஆனால் தெருவில் போகிற பத்து லட்சம் பேரில் எத்தனை பேர் என்பது என் கட்டிலருகே நிற்கும் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியல்ல. திரும்பத் திரும்ப வயிற்றுவலி, ஒன்றும் இல்லாத ஸ்கேன், ஏறிய நாடித்துடிப்பு, இறங்கிய சோடியம், மாதவிடாயோடும் பட்டினியோடும் ஒட்டிய நாட்கள் ஆகிய எல்லாம் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இது இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை பத்து லட்சத்தில் ஐந்து அல்ல. அமெரிக்காவில் 108 நோயாளிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, நோய் கண்டறியப்படச் சராசரியாக 15 ஆண்டுகள் தாமதமானதாகக் கூறுகிறது. வசதிகளில் குறைவில்லாத நாட்டிலேயே நிலைமை அதுவென்றால், தாமதத்துக்குக் காரணம் கருவிகள் இல்லாமை அல்ல என்று நான் நினைக்கிறேன். நோயாளி சொல்வதை முதலில் நம்பிவிட்டு, அது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தேடும் பழக்கம் இல்லாமைதான்.

கண்டறிந்த பிறகும் ஒருவர் நம்பவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முன்பு என்னைப் பார்த்த நிபுணரிடம் அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஆய்வகப் பிழையாக இருக்கலாம் என்றார். மரபணுப் பரிசோதனையில் 11-ஆவது குரோமோசோமில் அந்த நொதிக்கான மரபணுவில் மாற்றம் இருப்பது உறுதியானபோதுதான் பேச்சு நின்றது. அவரை வெட்கப்படுத்த நாங்கள் போகவில்லை. அடுத்து அவரிடம் வரும் பெண்ணுக்காகவே போனோம்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளுக்கோஸுக்கு அடங்காத தாக்குதலுக்கு ஹீமின் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியே, பொதுவாக நான்கு நாட்கள், ஏற்றுகிறார்கள். ஈரலுக்கு ஹீம் வெளியிலிருந்து கிடைத்ததும் அது தயாரிப்பை நிறுத்துகிறது. எனக்கு அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. விலையும் சாதாரணக் குடும்பம் தாங்கும் விலையல்ல. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், இரண்டாம் பிரிவில், இந்த நோயும் ஹீமினும் பெயரோடு இடம்பெற்றிருக்கின்றன. தாக்குதல் அடிக்கடி வருபவர்களுக்காகக் கிவோசிரான் என்ற ஊசிக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. என் கைகளுக்குப் பலம் திரும்ப மாதங்கள் பிடித்தன. விரல்களின் நுனியில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நான் விரதம் இருப்பதில்லை. கோயிலுக்குப் போகிறேன், சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

விளங்காத வயிற்றுவலியோடு அலைந்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வலி இருக்கும் நாளில், சிறுநீரில் போர்போபிலினோஜன், கூடவே கிரியேட்டினின். தண்ணீர் நிறையக் குடித்து நீர்த்துப்போன சிறுநீர் அளவைக் குறைத்துக் காட்டிவிடக்கூடும் என்பதால் கிரியேட்டினினும் வேண்டும். பாட்டிலில் வெளிச்சம் படக் கூடாது. வலி இல்லாத நாளில் எடுத்து இயல்பு என்று வந்தால், அதை முடிவாகக் கொள்ளக் கூடாது.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரக்கூடிய மாற்றம் என்பதால் வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொண்டோம். அப்பாவிடமிருந்து எனக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கிறது. அப்பாவுக்கு எழுபது வயதுவரை ஒரு தாக்குதலும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை. போன ஆண்டு அண்ணனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஆகாத மருந்துகளின் பட்டியலை மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்தோம். அவர் இந்த நோயை நேரில் பார்த்ததில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு நாள் அவகாசம் கேட்டுப் படித்துவிட்டு வந்தார். தயோபென்டோனைத் தவிர்த்துப் புரோபோஃபாலைத் தேர்ந்தெடுத்தார், சாப்பிடாமல் இருக்க வேண்டிய நேரம் முழுவதும் டெக்ஸ்ட்ரோஸ் ஓடும்படி பார்த்துக்கொண்டார், அன்றைய பட்டியலில் அண்ணனை முதல் ஆளாகப் போட்டார். மூன்றாம் நாள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான்.